பச்சோந்திக்கு 24 வாட் யுவிபி ட்யூப்: கோத்தகிரி எலக்ட்ரீஷியன் ஒருவனின் மதிப்பீடு

ட்யூப் நல்ல ட்யூப். யுவிபி என்பது வெயிலில் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர், அது பட்டால்தான் பச்சோந்தியின் உடம்பு கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். கூட வந்த பிளக் மட்டம், தொங்கவிடக் கொடுத்த கொக்கி அதைவிட மட்டம். இருந்தாலும் ஐந்துக்கு நாலு போடுகிறேன். தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருந்து ரிட்டையர் ஆனவன் நான். ட்யூப்லைட் பட்டி மாட்டி மாட்டியே கை காய்த்துப் போனது. ஒரே ஒரு ட்யூப்புக்கு நல்ல மிக்ஸி வாங்குகிற காசைக் கொடுப்பாய் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் அந்த ஆளைக் கேன்டீனில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

வீட்டில் இருப்பது ஏமன் நாட்டுப் பச்சோந்தி. தலையில் கொண்டை வைத்த ரகம், பெண். பேர் மரகதம். பெங்களூரில் வளர்த்த மகள், வேலை மாறிப் போனபோது எங்களிடம் விட்டுப் போனாள். இந்த இனத்தில் பெண் பச்சோந்தி ஆண் துணை இல்லாமலே முட்டை வைக்கும். அத்தனை முட்டைக்கும் ஓடு கட்டத் தன் எலும்பிலிருந்தும் சுண்ணாம்புச் சத்தை உருவும். மரகதம் முட்டையிட்டு முடித்த பிறகு கால் நடுங்க ஆரம்பித்தது. கிளையில் பிடி நிற்கவில்லை. எதிரில் பூச்சி இருக்கிறது, வாயைத் திறக்கிறது, நாக்கு வெளியே பாயவில்லை. பகலிலேயே கண்ணை மூடிக்கொண்டு கரும்பச்சையாகக் கிடந்தது. பகலில் கண் மூடிய பச்சோந்தியைப் பார்த்தால் “தூங்குது, விடு” என்று சொல்லாதீர்கள், அது சீக்கு.

மலையில் மாட்டுக்கும் நாய்க்கும் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். இதற்குக் கோவைக்குத்தான் இறங்க வேண்டியிருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு கோடு போட்டது போலக்கூடத் தெரியவில்லை, மங்கிக் கிடந்தது. கால்சியம் ஊசி போட்டுவிட்டு டாக்டர் கேட்ட முதல் கேள்வி, என்ன தீனி என்பதல்ல. “லைட் என்ன லைட் போட்டிருக்கீங்க?” என்றார். மகள் கொடுத்தனுப்பிய சுருள் யுவிபி பல்பைச் சொன்னேன். எத்தனை நாளாக எரிகிறது என்று கேட்டார், பதில் இல்லை. பளிச்சென்று எரிந்துகொண்டுதான் இருந்தது. சிக்கலே அதுதான். உள்ளே பூசிய பாஸ்பர் என்கிற ஒளிரும் பொடி தேயத் தேய யுவிபி முதலில் சாகும், கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் அப்படியே இருக்கும். டெஸ்டர் வைத்துப் பார்த்தாலும் தெரியாது.

அப்படி வாங்கியதுதான் இந்த 24 வாட் டி5 எச்ஓ ட்யூப் (டி5 என்றால் மெல்லிய ரகம், எச்ஓ என்றால் ஹை அவுட்புட்), யுவிபி 6 சதவீதம் என்று அச்சடித்தது. பளபளப்புத் தகடு வைத்த பட்டியோடு சேர்த்து வருகிறது. 12 சதவீதமும் கிடைக்கும், அது பாலைவனத்துப் பல்லிகளுக்கு. இலைக்குள் ஒளிகிற பிராணிக்கு 6 போதும்.

இங்கே ஒரு தொழில் விஷயம். கடையில் கிடைக்கிற சாதாரண 14 வாட் டி5 ட்யூப்பும் இதுவும் ஒரே நீளம், 549 மில்லிமீட்டர். முனையில் இருக்கிற பின்களும் ஒரே மாதிரி. அதனால் “பட்டி வேண்டாம், ட்யூப் மட்டும் கொடு, வீட்டு பட்டியில மாட்டிக்கிறேன்” என்று சிக்கனம் பார்க்கத் தோன்றும். மாட்டினால் எரியும். ஆனால் 14 வாட் சோக் கொடுக்கிற கரண்ட் ஏறக்குறைய 170 மில்லி ஆம்பியர், இந்த ட்யூப் கேட்பது 300. அரைப் பட்டினியில் எரிகிற ட்யூப் கொடுக்க வேண்டிய யுவிபியைக் கொடுக்காது. சோக்கில் 24 வாட் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எல்ஈடி ட்யூப்பைக் காட்டி “இதுவும் சூரிய வெளிச்சம் மாதிரிதான்” என்று விற்பவரிடம் பேச்சே வேண்டாம்.

மகளின் சிநேகிதரிடமிருந்து யுவி மீட்டர் இரவல் வந்தது. பழைய புத்தி, வீடு முழுக்க அளந்தேன். நல்ல வெயில் நாளில், நடுப்பகலில், மாடியில் யுவி இண்டெக்ஸ், அதாவது புற ஊதாவின் வலுவைச் சொல்கிற எண், 10-ஐத் தாண்டியது. ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 சதவீதம் யுவி கூடும், நாம் இருப்பது ஏறத்தாழ 1,800 மீட்டரில். “ஏங்க, இவ்வளவு வெயில் அடிக்குதே, ஜன்னலோரம் கூண்ட வெச்சா போதாதா, இதுக்குப் போய் இவ்வளவு காசா?” என்றாள் வீட்டுக்காரி. மீட்டரை ஜன்னல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வைத்துக் காட்டினேன். பூஜ்யம். யுவிபி கண்ணாடியைத் தாண்டாது. அதன் பிறகு அவள் காசைப் பற்றிப் பேசவில்லை, பிளக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

அவள் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. வந்தது இங்கிலாந்து சதுர முள் பிளக். நம்ம சாக்கெட்டில் அடாப்டர் போட்டால் ஆடும், ஆடினால் தீப்பொறி. வெட்டி எறிந்துவிட்டு 6 ஆம்பியர் த்ரீ பின் டாப் போட்டேன், எர்த்தோடு. கொக்கியை நம்பாமல் ஜிஐ கம்பியில் கட்டினேன். ஒரு நட்சத்திரம் குறைந்தது இந்த இரண்டுக்கும்தான்.

கூண்டின் மேல் வலைக்கு வெளியே ட்யூப்பை வைத்தால் யுவியில் மூன்றில் ஒரு பங்கு வரை வலையே தின்றுவிடும். உட்காரும் கிளையில் இண்டெக்ஸ் 3 இருக்கும்படி உயரத்தைச் சரிசெய்யச் சொன்னார் டாக்டர். மேலே ஏறத் தெம்பில்லாத பிராணி அடியிலேயே கிடக்கும், உச்சியில் ட்யூப் எரிந்து என்ன பயன்? கிளைகளையெல்லாம் ஒரு முழ உயரத்துக்குள் இறக்கினேன், பட்டியையும் கூடவே இறக்கினேன். விழுந்தால் அடிபடாமல் கீழே மடித்த துண்டு. பக்கத்திலேயே இலை நிழல் இருக்க வேண்டும், யுவி போதும் என்று பட்டால் அது ஒதுங்கிக்கொள்ளட்டும். ரொம்ப நெருக்கி வைத்தால் கண் வெந்து போகும். கையில் எடுத்துக் கொஞ்சுவதை நிறுத்திவிட்டோம். எலும்பு மெலிந்த சமயத்தில், கிளையைப் பிடித்திருக்கிற காலை இழுத்தாலே முறியும்.

இந்த ட்யூப்பின் அட்டைப்பெட்டியில் எழுதாத ஒன்றை மலைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தோலில் யுவிபி பட்டதும் ஒரு முன்பொருள் உண்டாகிறது. அது வைட்டமின் டி3 ஆக மாறுவதற்கு உடம்பில் சூடு வேண்டும். டி3 இருந்தால்தான் குடல் கால்சியத்தை இழுக்கும். சூடு இல்லையென்றால் தின்ற பூச்சியும் வயிற்றில் செரிக்காது. சென்னையில் இதை வாங்குபவர் சூட்டைப் பற்றி நினைக்கவே வேண்டாம். கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழைதான் பலமாகப் பிடிக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மாடிக்கு வெயில் வருவதே பெரிய காரியம், வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வெறும் ட்யூப் மட்டும் மாட்டினால் பாதி வேலைதான் நடக்கும். பகலில் சூடு காய ஒரு பல்பு, கிளையில் 29 டிகிரி வரும்படி. ராத்திரிக்கு வெளிச்சமில்லாத செராமிக் ஹீட்டர், தெர்மோஸ்டாட்டோடு. ஹோல்டர் பீங்கானாகத்தான் இருக்க வேண்டும், பிளாஸ்டிக் உருகிவிடும். கூண்டின் மூன்று பக்கம் தார்ப்பாய் ஷீட் சுற்றினேன், முன்பக்கமும் மேலும் திறந்தபடி. முழுக்க மூடினால் காற்றோட்டம் இல்லாமல் சளி பிடிக்கும், அது இன்னொரு வியாதி.

“ஓணானுக்கு ஹீட்டரா? கரண்ட் பில் என்னாகும்?” என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரருக்குக் கணக்கு. ட்யூப் தினம் 12 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 17 யூனிட்தான். 100 வாட் ஹீட்டர் ராத்திரி முழுக்க ஓடினால் அதே இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். தெர்மோஸ்டாட் அதைக் குறைக்கும். ஆக, செலவு ட்யூப்பால் அல்ல, குளிரால். மரம் விழுந்து லைன் அறுகிற ஊர் என்பதால் இன்வெர்ட்டரும் வேண்டும். சைன் வேவ் இன்வெர்ட்டராக வாங்குங்கள், மற்றதில் சோக் ரீங்கரிக்கும்.

தீனி பற்றிச் சுருக்கமாக. கடையில் வாங்குகிற சில்வண்டுகளில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. அதனால் கால்சியம் பவுடரில் புரட்டித்தான் தர வேண்டும். நாக்கு வேலை செய்யாத நாட்களில் பட்டுப்புழுவை வாயருகே காட்டினோம், மெத்தென்று இருப்பதால் மென்று விழுங்கியது. தேயிலைத் தோட்டத்து வெட்டுக்கிளியைப் பிடித்துப் போடாதீர்கள், என்ன மருந்து அடித்திருக்கிறார்களோ. கிண்ணத்துத் தண்ணீரை இது குடிக்காது, இலையில் சொட்ட வேண்டும். காலையில் பல்பு சூடான பிறகு வெதுவெதுப்பான தண்ணீர் தெளிப்போம். கழிவின் வெள்ளைப் பகுதி ஆரஞ்சாக மாறினால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். வாய்வழிக் கால்சியம் மருந்தின் அளவை நான் எழுத மாட்டேன். கிராம் தராசில் எடை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும், டி3 கூடினாலும் ஆபத்து.

கேட்கப் போகிறீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். மசினகுடிப் பக்கம் சாலையைக் கடக்கிறதே, அந்த நாட்டுப் பச்சோந்தியைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு ரகத்துக்கும் 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். மகள் செய்து வைத்திருக்கிறாள்.

மரகதம் இப்போது கிளையை இறுக்கிப் பிடிக்கிறது, நாக்கும் பாய்கிறது, பாதி தூரம்தான். வலது முன்னங்கால் வளைந்தது வளைந்ததுதான், அது நிமிராது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். இனி முட்டை அதிகம் வைக்காதபடி தீனியையும் சூட்டையும் மட்டாக வைக்கச் சொல்லியிருக்கிறார்.

இந்த ட்யூப்பை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாட்டிய தேதியை ஓரத்தில் மார்க்கரால் எழுதி வையுங்கள். கழற்றிய ட்யூப்பைக் குப்பைத் தொட்டியில் உடைத்துப் போடாதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது. புது ட்யூப் வந்த அட்டையிலேயே பழையதைப் போட்டு, மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.