வருடச் சந்தா கட்டிய ஜிம்: 18 மாத அனுபவம்

போன வருடம் ஜனவரியில் வீட்டுக்குப் பக்கத்து ஜிம்மில் 12,000 ரூபாய் வருடச் சந்தா கட்டினேன். ஒரு நாளைக்கு மட்டும் என்றால் 150 ரூபாய். வாரம் 5 நாள் போகப்போகிறோம், சந்தாதான் லாபம் என்று கணக்கு. வருடம் முடிந்ததும் மாஸ்டர் விரல்ரேகை மெஷினிலிருந்து வருகைக் கணக்கை எடுத்துக் காட்டினார். ஜனவரியில் 17, பிப்ரவரியில் 9, ஜூலையில் ஒன்றுமே இல்லை. மொத்தம் 61 நாள். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 197 ரூபாய் விழுந்திருக்கிறது.

ஸ்டெஃபானோ டெல்லவிக்னா, உல்ரிகே மால்மெண்டியர் என்ற பொருளியல் ஆய்வாளர்கள் 2006-இல் இதையேதான் காட்டினார்கள். அமெரிக்காவில் 3 ஹெல்த் கிளப்கள், 7,752 உறுப்பினர்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 4.3 தடவைதான் வந்திருக்கிறார்கள். தடவைக்கு 10 டாலர் பாஸ் இருந்தும் 17 டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள்.

பணம் போனதைவிட இன்னொன்றுதான் எனக்கு உறைத்தது. சந்தா முடிந்த பிறகு ஒரு சின்ன நோட்டு வைத்தேன். ஷூ லேஸ் கட்டும்போது, இன்றைக்கு எவ்வளவு பிடிக்கும் என்று 10-க்கு ஒரு மார்க்; திரும்பி வந்ததும் இன்னொன்று. போகும்போது 3, 4. வந்ததும் 7, 8. காய்ச்சல் விட்ட மறுநாள் தவிர எல்லாப் பக்கத்திலும் இப்படித்தான். எத்தனை நாள் போவேன் என்பதைக் கூட்டிப் போட்டிருக்கிறேன், போனால் எவ்வளவு பிடிக்கும் என்பதைக் குறைத்துப் போட்டிருக்கிறேன்.

மேத்யூ ரூபியும் உடன் ஆய்வாளர்களும் 2011-இல் சொன்ன காரணம் எனக்கு அப்படியே பொருந்துகிறது: உடற்பயிற்சி என்றதும் நம் மனசு அதன் ஆரம்பத்தைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்கிறது. டிரெட்மில்லில் முதல் 10 நிமிடம் முழங்கால் இறுகிக் கிடக்கும், மூச்சு வாங்கும், திரையில் 3:40 என்பது 3:41 ஆகவே நேரம் பிடிக்கும். பிறகு நெற்றியில் வேர்வை துளிர்க்கும்போது உடம்பு இளகிவிடும். வீட்டு சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது அந்த இளகல் ஞாபகத்துக்கே வராது.

வரிசையை மாற்றிப் பாருங்கள் என்பதும் அவர்கள் ஆய்வில் உண்டு. எனக்குப் பிடித்தது ஸ்கிப்பிங், அதனால் இப்போது முதலில் அதுதான். டிரெட்மில் கடைசியில். சந்தாவும் மாதாமாதம், 1,300 ரூபாய். புதிதாகச் சேர்பவர்கள் முதல் 2 மாதம் நாள் கட்டணத்திலேயே போய்ப் பாருங்கள். மாதம் 9 நாளைத் தாண்டினால் அப்புறம் சந்தாவைப் பற்றி யோசிக்கலாம்.

இந்த மாதம் இதுவரை 13 நாள் போயிருக்கிறேன். நேற்றும் கிளம்பும்போது 4 தான் போட்டேன். வந்து 8.