கருங்கல் ரம்பத்துக்கு 60 வாட் பம்பு: இரண்டு வருடம் ஓட்டிய பிறகு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கல் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: “அண்ணே, நீங்க ரம்பத்துக்குப் போட்டிருக்கிற பம்பு இப்ப விலை இறங்கியிருக்கு. ரெண்டு எடுத்துப் போட்டுக்கட்டுமா?” போனில் சொன்னது அரைகுறைப் பதில். முழுப் பதில் இது.

எந்தப் பம்பு என்று தெரியாதவர்களுக்கு: தண்ணீருக்குள் முக்கி வைக்கும் சப்மர்சிபிள் வகை, 60 வாட். பெட்டியில் மணிக்கு 3000 லிட்டர், 3 மீட்டர் ஏற்றம் என்று போட்டிருக்கும். மீன் குளத்துக்கென்று விற்பதுதான். ரம்பத்தில் ஓடுவது 14 அங்குல வைர பிளேடு. அறுபடுவது கோயில் படி, வாசல் கல், சமாதிக் கல். முக்கால்வாசி கருங்கல், மீதி பளிங்கு.

முதலில் நியாயமாக நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டு வருடத்தில் தண்ணீர் போதாமல் ஒரு பிளேடு கூடக் கருகவில்லை, ஒரு செக்மென்ட் (பிளேடு விளிம்பில் ஒட்டியிருக்கும் வைரப் பல்) கூடக் கழன்று பறக்கவில்லை. மோட்டார் சுருள் எபாக்சிப் பிசினில் முழுக்க மூடியிருப்பதால் இன்றுவரை கசிவு இல்லை. சத்தமே கிடையாது. மின்சாரச் செலவு பழைய குண்டு பல்பு ஒன்றுக்கு ஆகிற அளவுதான். பம்பாக மட்டும் பார்த்தால் குறை சொல்ல வாய் வராது.

ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் 3000 லிட்டரை நம்பி யாரும் கணக்குப் போட வேண்டாம். அது தண்ணீரைக் கொஞ்சமும் மேலே ஏற்றாமல், குழாயே மாட்டாமல் வரும் அளவு. 3 மீட்டர் உயரத்தில் அதே பம்பு ஒரு சொட்டும் தராது. தொட்டி தரையில், பிளேடு கவர் 1.2 மீட்டர் உயரத்தில், நடுவில் 3 மீட்டர் அரை அங்குல ஹோஸ் என்று வைத்தால் நிமிடத்துக்கு 12 லிட்டர் கிடைக்கிறது. மணிக்கு 720 லிட்டர். பெட்டி சொல்வதில் கால்வாசிக்கும் குறைவு. ஏற்றத்தை விட ஹோஸின் உராய்வுதான் பெரிய திருடன். அதனால், தண்ணீர் பிளேடின் இரண்டு பக்கத்துக்கும் பிரியும் டி ஜாயிண்ட் வரைக்கும் முக்கால் அங்குல ஹோஸ் போடுங்கள், அதற்கு மேல் அரை அங்குலம் போதும். வால்வுகளும் அந்த அரை அங்குலப் பகுதியில்தான், பக்கத்துக்கு ஒன்று. பம்பின் வாயிலேயே வால்வு வைத்தால் ஒவ்வொரு முறையும் கையைத் தொட்டிக்குள் விட வேண்டியிருக்கும்.

14 அங்குல பிளேடில் கருங்கல்லுக்கு 12 லிட்டர் தாராளம். ஆனால் மொத்த அளவை விட இரண்டு பக்கமும் சமமாக விழுகிறதா என்பதுதான் பெரிய விஷயம். ஒரு பக்கம் தண்ணீர் அதிகம், மறு பக்கம் குறைவு என்றால் தகட்டின் ஒரு முகம் சூடேறி விரியும். பிளேடு கிண்ணம் மாதிரி வளையும், அறுப்பு ஒரு பக்கமாக ஓடும். பலர் இதற்கு மோட்டார் பேரிங்கைக் குறை சொல்லி மாற்றிவிடுகிறார்கள். அளந்து பார்ப்பது சுலபம். ரம்பத்தை நிறுத்திவிட்டுப் பம்பை மட்டும் ஓட்டி, இரண்டு பக்கக் குழாயும் திறந்திருக்கும்போதே ஒரு பக்கத்து வாயில் 1.5 லிட்டர் மினரல் வாட்டர் போத்தலைப் பிடியுங்கள். 15 வினாடியில் நிறைய வேண்டும். அடுத்த பக்கமும் அதே 15. ஒன்று 12, ஒன்று 20 என்றால் வால்வைத் திருகிச் சமப்படுத்துங்கள்.

தண்ணீர் விழும் இடம்: பிளேடைப் பிடித்திருக்கும் ஃபிளாஞ்சுக்கு ஒட்டினாற்போல, இரண்டு முகத்திலும். பல்லின் மேல் நேராக ஊற்றினால் பிளேடு அதை விசிறியடித்துவிடும், கல்லுக்குள் போகாது. நடுவில் விட்டால் சுழலும் வேகமே தண்ணீரை முகத்தோடு இழுத்துக்கொண்டு போய் விளிம்பில் சேர்க்கும். 8 மில்லிமீட்டர் செம்புக் குழாயின் நுனியைக் கொஞ்சம் தட்டையாக்கி, பிளேடு கல்லுக்குள் நுழையும் பக்கம் பார்த்து மாட்டினால் போதும். குழாயில் 2 மில்லிமீட்டர் ஓட்டைகள் போட்டு மழை மாதிரி விடுவது பார்க்க அழகு, கல்மாவு இரண்டே நாளில் அடைத்துவிடும். 4 மில்லிமீட்டருக்குக் கீழே எந்த ஓட்டையும் வேண்டாம்.

டி ஜாயிண்டுக்கு முன்னால் ஓர் அடி நீளத்துக்குத் தெளிந்த பிளாஸ்டிக் ஹோஸ் செருகுங்கள். தண்ணீர் ஓடுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஈர அறுப்புக்கான பிளேடுகளில் செக்மென்டை வெள்ளிப் பற்றாசு வைத்து ஒட்டியிருப்பார்கள். தண்ணீர் நின்று சூடேறினால் அந்தப் பற்றாசு இளகும். அதன் பிறகு செக்மென்ட் எங்கே பறக்கும், யார் மேல் படும் என்று சொல்ல முடியாது.

இனி தொட்டி. இதைச் சரியாகச் செய்யாமல் எந்தப் பம்பு வாங்கினாலும் காசு தண்ணீரில்தான்.

கல்மாவு தானாக அடியில் இறங்கிவிடும் என்று நினைக்கிறோம். பெரிய துகள் இறங்கும். 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குவார்ட்ஸ் துகள் ஓர் அடி ஆழத்தை இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும். 10 மைக்ரான் துகளுக்கு அதே ஓர் அடிக்கு 50 நிமிடம் பிடிக்கும். துகளின் விட்டம் பாதியானால் இறங்கும் வேகம் கால்வாசி, அதுதான் கணக்கு. அந்த நைஸ் மாவு இறங்குவதற்குள் பம்பு அதை உறிஞ்சி மறுபடி மேலே அனுப்பிவிடுகிறது.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, 200 லிட்டர் நீல டிரம்மை நிமிர்த்தி வைப்பது. மாவு படிவதற்குத் தேவை ஆழம் அல்ல, தண்ணீரின் மேற்பரப்பு. நிமிர்ந்த டிரம்மில் அது கால் சதுர மீட்டர்தான். அதே டிரம்மை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து படுக்க வைத்தால், இரண்டு பாதியும் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு சதுர மீட்டர். அதே பிளாஸ்டிக், நான்கு மடங்கு பரப்பு. நிமிடத்துக்கு 12 லிட்டர் ஓட்டத்தில் 14 மைக்ரானுக்கு மேற்பட்டதில் பெரும்பகுதி இதில் படிந்துவிடும். முதல் பாதியின் விளிம்பில் வழிந்து இரண்டாவதில், அது வழிந்து ஒரு 60 லிட்டர் தொட்டியில். பம்பு அந்த மூன்றாவதில்தான், அடியிலிருந்து நான்கு அங்குலம் தூக்கி, ஒரு செங்கல் மேல். தண்ணீர் மேலிருந்து பொத்தென்று விழக் கூடாது, அடியில் படிந்ததைக் கலக்கிவிடும். விழும் இடத்தில் குறுக்கே ஒரு தகடு நிறுத்துங்கள். பழைய ரப்பர் ஆலைகளில் பால் உறைய வைக்கும் தொட்டிக்குள் செருகும் அலுமினியத் தகடு பழைய இரும்புக் கடையில் கிடைத்தால் அதை விடாதீர்கள், துருப் பிடிக்காது.

டிரம் வாங்கும்போது ஒரு விஷயம். தோட்டத்தில் களைக்கொல்லி வந்த டிரம் மலிவாகக் கிடைக்கும். எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். பிளேடு அந்தத் தண்ணீரைப் புகை மாதிரி முகத்தில் அடிக்கும். சமையல் எண்ணெயோ சோப்போ வந்த டிரம்மாகப் பார்த்து வாங்குங்கள்.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் படிகாரம் போடலாம். 100 லிட்டருக்கு 5 கிராம், ஒரு குவளை தண்ணீரில் கரைத்து ஊற்றி, ஒரு தரம் நன்றாகக் கலக்கிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். திங்கட்கிழமை தண்ணீர் தெளிந்திருக்கும், மாவு அடியில் களிமண் மாதிரி கட்டியிருக்கும். அதை அள்ளி அரிசிச் சாக்கில் போட்டு வடியவிடுங்கள். கால்வாயில் ஊற்றினால் சிமெண்டு மாதிரி இறுகும், அக்கம்பக்கத்துச் சண்டை வேறு. தரையில் தெறித்ததையும் காய விடாமல் கழுவிவிட வேண்டும். காய்ந்தால் அது மறுபடியும் சிலிக்கா தூசிதான். தண்ணீர் போட்டு அறுப்பது பிளேடைக் குளிர்விக்க மட்டுமல்ல, அந்தத் தூசி நுரையீரலுக்குள் போகக் கூடாது என்றும்தான்.

இவ்வளவும் செய்த பிறகும் தீராத எரிச்சல் ஒன்று இருக்கிறது. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். இந்தப் பம்பின் ரோட்டர், அதாவது மோட்டாரில் சுழலும் பாகம், ஒரு நிரந்தரக் காந்தம்.

முன்மூடியைத் திருப்பிக் கழற்றி, இம்பெல்லரை (தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம்) பிடித்து இழுத்தால் சுண்டுவிரல் நீளத்துக்கு ஓர் உருளை வரும். புதிதில் வழவழப்பான கறுப்பு. ஒரு வாரம் கருங்கல் அறுத்த பிறகு எடுத்துப் பாருங்கள்: கம்பளிப்பூச்சி மாதிரி முடி முடியாக நிற்கும். தேய்த்தால் விரல் இடுக்கெல்லாம் சாம்பல் கறுப்பாக ஒட்டும், சோப்புப் போட்டாலும் ரேகைக்குள் இருந்து போகாது. அது வெறும் கல்மாவு இல்லை. பிளேடின் பல்லில் புதைந்த வைரம் வெளியே வர வர, அதைப் பிடித்திருக்கும் உலோகம் தேய்கிறது, தகட்டின் எஃகும் தேய்கிறது. அந்த இரும்புத் தூள் தண்ணீரோடு வந்து காந்தத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ரோட்டருக்கும் அதன் கூட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டர் கூட வராத சந்து. இரும்புத் தூள் முதலில் ஒட்டும், அதன் மேல் கல்மாவு அப்பும், ராத்திரி இறுகும். காலையில் சுவிட்சைப் போட்டால் ‘ம்ம்ம்’ என்ற முனகல் மட்டும் வரும், தண்ணீர் வராது. தொட்டி எவ்வளவு நன்றாக அமைந்தாலும் இதைத் தடுக்க முடியாது, ஏனென்றால் மிதந்து வரும் மிக நைஸான இரும்பைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பது பம்பேதான்.

இதற்குள்ள வழக்கம்: தினமும் வேலை முடிந்ததும் பம்பைத் தூக்கி ஒரு வாளி நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம் ஓட்ட வேண்டும். வாரத்துக்கு ஒரு தரம் ரோட்டரைக் கழற்றி, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, கூட்டின் உள்பக்கத்தையும் துணி சுற்றிய குச்சியால் துடைக்க வேண்டும். இரண்டாவது பாதி டிரம்மின் வழியும் விளிம்பில், பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒட்ட வைத்தால் பாதி இரும்பு அங்கேயே நின்றுவிடும். பையை உருவினால் தூளும் கூடவே வந்துவிடும். செலவில்லாத வேலை, பலன் உண்டு.

ஸ்பாஞ்ச் பில்டர் சுற்றுவது மட்டும் வேண்டாம். ஒரு மணி நேரத்தில் அடைத்து, தண்ணீர் பாதியாகக் குறையும். யாரும் கவனிக்க மாட்டார்கள், பிளேடுதான் கவனிக்கும்.

சிக்கிய ரோட்டரை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் முடிந்தது. நடுவில் ஓடுவது பீங்கான் ஷாஃப்ட், சாக்பீஸ் மாதிரி உடையும். உடையாவிட்டாலும் கல்மாவு அதை இடுப்புப் போல ஒடுக்கிவிடுகிறது. இந்த வருடம் மட்டும் மூன்று ஷாஃப்ட் போயிற்று. கோபம் வருவது எங்கே என்றால், அந்தத் தீக்குச்சி பருமன் பீங்கானைத் தனியாக விற்பதில்லை. கடையில் கேட்டால் “புதுப் பம்பே வாங்கிக்கோங்க, மலிவுதானே” என்கிறார்கள். சுருள் நன்றாக இருக்கிறது, கூடு நன்றாக இருக்கிறது, ஒயர் நன்றாக இருக்கிறது. விரல் நீளக் குச்சி ஒன்றுக்காக மொத்தத்தையும் குப்பையில் போடச் சொல்வது என்ன நியாயம்? இரண்டு செத்த பம்பிலிருந்து ஒன்றைத் தேற்றலாம் என்று பார்த்தால், தேய்ந்து போவது எல்லாவற்றிலும் அதே ஷாஃப்ட்தான்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. கூடவே வரும் இரண்டு முள் பிளக்கை வெட்டிவிட்டு மூன்று முள் பிளக் போட்டு, உள்ளே 3 ஆம்பியர் பியூஸ் வையுங்கள். 13 ஆம்பியர் பியூஸ் இந்த மெல்லிய ஒயரைக் காப்பாற்றாது. ஈரத்தரைக்கு 10 மில்லி ஆம்பியர் ஈஎல்சிபிதான் (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) சரி, மலேசிய மின்சார விதிகள் கேட்பதும் அதுவே. ஒயர் நீளம் போதவில்லை என்று டேப் சுற்றி இணைக்காதீர்கள், ஈரத்தை அது தாங்காது; எந்த இணைப்பும் தொட்டியை விட்டு விலகி, தண்ணீர் தெறிக்காத இடத்தில் இருக்கட்டும். ஒயர் பிளக்குக்குப் போகும் முன் ஒரு முறை கீழே தொங்கி ஏற வேண்டும், வழிந்து வரும் தண்ணீர் அங்கே சொட்டிவிடும். பம்பு ஓடி, தெளிந்த ஹோஸில் தண்ணீரைப் பார்த்த பிறகே ரம்பத்தைத் தொடுங்கள்.

பளிங்கு அறுக்கும் நாளில் தொட்டித் தண்ணீரை மாற்றிவிடுங்கள். துருப் பிடிக்காமல் இருக்கக் கரையும் எண்ணெய் கலந்திருந்தாலும், துருவே கலந்திருந்தாலும் வெள்ளைப் பளிங்கு அதைக் குடித்துவிடும், கறை போகாது. தெளியவிட்ட தொட்டி ஒரு வாரத்துக்கு மேல் அசையாமல் நின்றால் ஏடிஸ் கொசுப் புழு வரும். சுகாதார அலுவலர் வந்து பார்த்தால், 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தில் அபராதம் உண்டு. ஆடித் திருவிழா விடுமுறைக்குப் பட்டறையை மூடுவதென்றால் மூன்று தொட்டியையும் கவிழ்த்துவிட்டுப் போங்கள்.

தம்பிக்கு இப்போது பதில். பளிங்கு மட்டும், அல்லது வாரத்துக்கு இரண்டு மூன்று கல் என்றால் தயங்காமல் வாங்குங்கள், அந்த விலைக்கு இதை விட நல்ல பம்பு கிடையாது. தினமும் கருங்கல் என்றால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். லேத்து பட்டறையில் இருக்குமே, மோட்டார் மேலே நின்று தண்டு மட்டும் தண்ணீருக்குள் இறங்கும் கூலன்ட் பம்பு, அதற்குப் போங்கள். 90 வாட், தண்டு 150 மில்லிமீட்டர். பல மடங்கு விலை. கனம் அதிகம், தொட்டி மூடியில் ஃபிளாஞ்ச் வைத்து முறுக்க வேண்டும், மோட்டாருக்கு மேலே தெறிப்புக்கு ஒரு தகரக் கூரை வேண்டும். ஆனால் தண்ணீருக்குள் காந்தமும் இல்லை, பேரிங்கும் இல்லை. மூன்று பேஸ் மின்சாரத்தில் ஓடும் வகையை எடுத்தால் சுழலும் திசையைப் பாருங்கள். தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் வரும், சரியாகத்தான் ஓடுகிறது என்று ஏமாந்துவிடுவோம். போத்தலைப் பிடித்து 15 வினாடி எண்ணினால் தெரிந்துவிடும்.

எங்கள் ரம்பத்துக்கு அதைத்தான் சொல்லி வைத்திருக்கிறது. பழைய 60 வாட் பம்பு கடைசித் தொட்டியைக் காலி செய்யும் வேலைக்குப் போகிறது.