லயத்து வாசலுக்கு எந்தப் பட்டாசு? தீபாவளிக் கடைச் சாமான்கள் ஒரு மதிப்பீடு

தீபாவளி முற்பணம் கைக்கு வந்த கையோடு ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைக் கடைவீதிகளில் பட்டாசு மேசைகள் நிரம்பிவிடும். நீர்கொழும்புப் பக்கத்துக் கிம்புலாப்பிட்டியவில் செய்த உள்ளூர்ச் சரக்கும் வெளிநாட்டுப் பெட்டிகளும் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். இங்கே விலை போடவில்லை. முந்திய வாரத்து விலை பண்டிகைக்கு முதல்நாள் மாலையில் இருப்பதில்லை. பார்த்தது ஒன்றைத்தான்: இந்தச் சாமானைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் கொளுத்தலாமா, காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்துக்குக் கொண்டுபோக வேண்டுமா, கடையிலேயே விட்டுவிட வேண்டுமா?

அதற்கு முதலில் தூரக் கணக்கு தெரிய வேண்டும். இந்தியாவில் 1999இல் வந்த விதி, வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீற்றர் தள்ளி அளந்தால் 125 டெசிபலைத் தாண்டும் வெடியைச் செய்யவும் விற்கவும் தடை போட்டது. அந்த உச்ச எல்லையில் நிற்கும் ஒரு வெடியை எடுத்துக்கொள்வோம். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது ஓசை ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். 8 மீற்றரில் 119, 16 மீற்றரில் 113, 32 மீற்றரில் 107, 64 மீற்றர் தள்ளிப் போனாலும் 101. பிள்ளைகளின் காதுக்கு உச்ச ஓசை 120 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அளக்கும் முறைகள் வேறு வேறு என்றாலும், எட்டு மீற்றருக்குள் நிற்கிற பிள்ளைக்கு அந்த வெடி ஆகாது என்பது தெளிவு.

இனி நம் வாசலை அளந்து பாருங்கள். பழைய லயக் காம்பரா, அதாவது ஒரு குடும்பத்தின் அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி. பன்னிரண்டடி என்றால் 3.7 மீற்றர் கூட இல்லை. அதாவது விதியில் சொல்லும் அந்த 4 மீற்றர், ஒரு காம்பராவின் நீளம். இஸ்தோப்புக்கு (முன் திண்ணைக்கு) முன்னால் வெடித்தால் இரு பக்கமும் சேர்த்து மூன்று நான்கு குடும்பங்கள் இந்த எட்டு மீற்றருக்குள் வந்துவிடும். எதிரே இன்னொரு லயம் இருந்தால் சுவர்கள் ஓசையைத் திருப்பி அடிக்கும், தகரக் கூரை அதிரும். புதிய ஏழு பேர்ச் வீடுகளிலும் பெரிய வித்தியாசமில்லை. ஏழு பேர்ச் ஏறக்குறைய 177 சதுர மீற்றர். சதுரமாக இருந்தால் பக்கத்துக்குப் பதின்மூன்று மீற்றர் சொச்சம். நடுவில் வீடு நின்றபின் முற்றத்தில் மிஞ்சுவது நாலைந்து மீற்றர்தான்.

மலைநாட்டுக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. ஐப்பசி இரவில் குளிர்காற்று பள்ளத்தில் இறங்கி அடியில் தங்கும். மேலே இருக்கும் காற்று அதைவிடச் சூடாக இருக்கும். அப்படியான இரவில் ஓசை மேலே போய்க் கரையாமல் கீழே வளைந்து வரும். புகையும் அதே பள்ளத்தில் தேங்கும். தோட்டத்தின் மேற்பிரிவான மேல்கணக்கில் போட்ட வெடி கீழ்க்கணக்கு லயத்தில் பக்கத்தில் வெடித்ததுபோல் கேட்பதற்குக் காரணம் இதுதான். "அவ்வளவு தூரத்திலிருந்து உங்களுக்கு என்ன?" என்று கேட்பது இங்கே பொருந்தாது.

கம்பி மத்தாப்பில் தொடங்குவோம். ஓசை கிடையாது, இடம் வேண்டியதில்லை, மாடு மிரளாது. லயத்து வாசலுக்கு இதுவே முதல் தெரிவு. ஆனால் பார்த்து வாங்க வேண்டும். கடைக்காரரிடம் ஒரு கம்பியை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல மத்தாப்பின் மேல்பூச்சு ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும், விரலால் தடவினால் உதிராது. வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ, பூச்சு முடியும் இடத்தில் கம்பியில் துருப் புள்ளிகள் தெரிந்தாலோ, அது ஈரம் குடித்த சரக்கு. பூச்சில் பேரியம் நைத்திரேற்று, அலுமினியத் தூள், இரும்புத் தூள், ஒட்டுவதற்குப் பசை. ஈரம் பட்டால் பற்றவே அரை நிமிடம் எடுக்கும், பிறகு பாதியில் சீறித் துண்டாக விழும். அந்தத் துண்டுதான் பிள்ளைகளின் காலைச் சுடுவது. எரியும் முனையின் வெப்பம் 1000 பாகை செல்சியஸைத் தாண்டும். ஒளி அடங்கிய பிறகும் கம்பி நல்ல சூட்டில் இருக்கும், இருட்டில் அது தெரியாது. ஆகவே மணல் போட்ட வாளி ஒன்று பக்கத்தில் வேண்டும். அணைந்த கம்பி நேரே அதற்குள். நாலைந்து கம்பிகளைச் சேர்த்துக் கட்டிக் கொளுத்தும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தனித்தனியே ஒரு நிமிடம் எரிய வேண்டியது ஒரே மூச்சில் பற்றிக்கொள்ளும், கையை உதற நேரம் இருக்காது.

புஸ்வாணமும் வாங்கலாம், ஓசை வெறும் சீறல்தான். "சடசட" என்று வெடிக்கும் வகையை மட்டும் பெட்டியைப் பார்த்து ஒதுக்குங்கள். நம் வாசல்கள் சரிவானவை. சரிவில் வைத்த புஸ்வாணம் பாதியில் சாய்ந்து கதவுப் பக்கம் பொறி கக்கும். மணல் நிரப்பிய பழைய டின்னில் மூன்றில் ஒரு பங்கு புதையும்படி நிறுத்திவிட்டால் சாயாது. நீண்ட ஊதுவத்தியால், பக்கவாட்டில் நின்று பற்றவையுங்கள். பற்றாவிட்டால் குனிந்து பார்க்கக்கூடாது. முகத்தில் பட்ட காயங்கள் பல இந்தக் குனிதலில் வந்தவை. தரைச்சக்கரத்துக்குச் சீமெந்துத் தரை வேண்டும், கல்தரையில் அது துள்ளும். அவ்வளவுதான்.

சீனவெடியும் சரமும்தான் சண்டைக்கு வேர். ஒற்றைச் சீனவெடியை 30 மீற்றர் தள்ளிப் போட்டால் பொறுத்துக்கொள்ளலாம். சரம் வேறு. இந்திய விதியே சரத்துக்குத் தனிக் கணக்கு வைத்திருக்கிறது: நூறு வெடிச் சரமென்றால் ஒவ்வொரு வெடியின் எல்லையும் 10 டெசிபல் இறங்கி 115 ஆக வேண்டும், ஆயிரம் வெடிச் சரத்துக்கு 110. இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் சரவெடியையே நிறுத்தச் சொன்னது. மிருகங்களுக்கும் சரம்தான் கூடுதல் கொடுமை. ஒரு வெடிக்கு நாய் திடுக்கிட்டு, ஓடி, ஒளிந்து, அடங்கும். சரத்தில் அடங்க இடைவெளியே கிடைப்பதில்லை. அடுத்தது எப்போது என்றும் அதற்குத் தெரியாது. மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும், நாய் 45,000 வரை, பூனை 60,000க்கு மேலேயும். வெடியின் கூர்மையான பகுதி நமக்குக் கேட்பதைவிட அவற்றுக்கு அதிகம். நாம் "சும்மா சின்ன வெடி" என்று சொல்வது நம் காதை வைத்துத்தான்.

சரத்தின் இன்னொரு குறை குப்பை. நூறில் சில எப்போதும் வெடிக்காமல் தெறித்து விழும், மழை ஈரத்தில் இன்னும் கூட. மறுநாள் காலை பிள்ளைகள் அதைப் பொறுக்கி, கிழித்து, மருந்தைக் கடதாசியில் கொட்டிக் கொளுத்துவார்கள். கையும் முகமும் வேகுவது அப்போதுதான். சரத்துக்கு நம் மதிப்பீடு: லயத்தில் வேண்டாம். கோயில் தேருக்குக் கட்டாயம் வேண்டுமென்றால் பெரட்டுக் களத்தில், ஒரே தடவையில், முன்கூட்டிச் சொல்லிவிட்டு.

யானை வெடி கடையிலேயே இருக்கட்டும். அது யானை வரும் வயல்பகுதிகளில் விவசாயிகள் உயிருக்கும் பயிருக்கும் காவலாகப் போடுவதற்கு வனஜீவராசிகள் திணைக்களம் கொடுத்துவருகிற சாமான். பண்டிகைக்குச் செய்தது அல்ல. தோட்டங்களில் காட்டுப்பன்றியையும் குரங்கையும் துரத்த இதை வாங்கி வைப்பவர்கள் உண்டு, அதில் மிஞ்சியதுதான் தீபாவளி ராத்திரியில் வெளியே வருவது.

ராக்கெட் வாணத்தையும் மலைச்சரிவுக்கு நாம் சிபாரிசு செய்யவில்லை. மூட்டம் இறங்கியிருந்தால் மேலே போனது எங்கே விழுகிறது என்று தெரியாது. மேல் லயத்திலிருந்து விட்டால் குச்சியும் கனலும் கீழ் லயத்துக் கூரைக்குத்தான் போகும். அங்கே படங்கு (தார்ப்பாய்) போட்டு ஒழுக்கை மூடியிருப்பார்கள், இறவாரத்தின் கீழே விறகு காய்ந்துகொண்டிருக்கும். ஒரு காம்பராவில் பிடித்த தீ வரிசை முழுவதையும் கொண்டுபோவதை மலையகம் எத்தனை தடவை பார்த்துவிட்டது! பிறகு குளவி. டர்பன்டைன் மரத்தில் கூடு தொங்கும் மலையில் ராக்கெட் விடுவது, மறுநாள் அந்த நிரையில் கொழுந்தெடுக்கப் போகிற பெண்களை ஆபத்தில் தள்ளுவது.

பல வெடி கொண்ட பெட்டி வாணம் ஓட்டல்களும் சங்கங்களும் வாங்குவது. டிசம்பர் 31 நள்ளிரவிலும் ஏப்ரல் வசந்தகாலத்திலும் நுவரெலியாவில் இதைத்தான் பார்க்கிறோம். ஐந்தாறு வெடிக்குப் பிறகு பெட்டி சாய்ந்தால் மிச்சமெல்லாம் கூட்டத்துக்குள் பாயும். நான்கு பக்கமும் கொங்கிரீட் கல் அணைத்து, மட்டமான தரையில் வைப்பது கட்டாயம். நகரத்தின் விக்டோரியா பூங்காவில் மார்கழியில் தங்கியிருப்பவை காஷ்மீர் ஈப்பிடிப்பான் போன்ற வலசைப் பறவைகள். இருட்டில் கிளையை விட்டுக் கலைந்த பறவைக்குத் திரும்பி அமர இடம் தெரியாது. பூங்காவை ஒட்டி இதை வைக்கவே கூடாது. ஆனால் ஒரு தோட்டம் முழுவதும் பணம் சேர்த்து ஒரே ஒரு பெட்டியை, மைதானத்து நடுவில், பத்து நிமிடத்தில் முடிப்பதை நாம் ஆதரிக்கிறோம். ஐம்பது வாசலில் மூன்று இரவு வெடிப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

"பச்சைப் பட்டாசு", "ஓசை குறைந்தது" என்ற அட்டையைப் பார்த்து ஏமாற வேண்டாம். இந்தியாவின் நீரி ஆய்வு நிறுவனம் வகுத்த பச்சைப் பட்டாசின் முக்கிய நோக்கம் புகைத் துகளை 30 சதவீதமளவு குறைப்பது. அதுவும் வெடிக்கத்தான் செய்யும். ஓசை குறைந்த வான வாணத்திலும் மேலே தூக்கும் மருந்து "டும்" என்று அடிக்கும்.

வாங்கிய சாமானை வைக்கும் இடம் அடுத்த தவறு. ஈரமாகிவிட்டது என்று அடுப்புக்கு மேலே விறகு அடுக்கும் பரணில் போடுகிறார்கள். அலுமினியத் தூளும் நைத்திரேற்றும் ஈரத்தில் சேர்ந்தால் தானாகவே சூடேறக்கூடியவை. அதன் கீழே அடுப்பும் எரிந்தால் என்ன ஆகும்? ஈரமான வெடி போனது போனதுதான், ஒரு இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு வீசுங்கள். புதிய பெட்டியைப் பொலித்தீனில் கட்டி, அடுப்படிக்கு எட்டாத அலுமாரியில் வையுங்கள். திரி மடிந்து மருந்து கொட்டியிருந்தால் அந்த ஒன்றை நீக்கிவிடுங்கள். பற்றவைத்தும் வெடிக்காததை அரை மணி நேரம் நெருங்கக்கூடாது, பிறகு தூர நின்று தண்ணீர் ஊற்ற வேண்டும்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அனுமதி கொடுக்கக்கூடாது என்று நம் உயர் நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது. பட்டாசுக்கும் அதே நேரத்தை நாமே எல்லையாக வைத்துக்கொள்ளலாம். பகல்தானே என்றும் நினைக்க வேண்டாம்; தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தவர் தூங்குவது பகலில்தான். மாலை 7 மணியிலிருந்து 8 மணி வரை என்று லயத்தில் எல்லோரும் பேசி ஒரு மணித்தியாலம் குறித்துக்கொண்டால், கைக்குழந்தை உள்ளவர் அந்த நேரத்துக்குப் பின்காம்பராவுக்குப் போகலாம், மாடு உள்ளவர் முன்கூட்டியே பால் கறந்துவிடலாம்.

பால் கறப்பது சும்மா சொன்னதல்ல. மிரண்ட பசுவின் உடம்பில் அட்ரீனலின் ஏறினால் பால் இறங்காது. மடியில் தங்கிய பால் மடிவீக்கத்துக்கு வழிவிடும். கொட்டிலில் லயத்தை நோக்கிய பக்கம் சாக்குப் படுதா தொங்கவிட்டு, புல்லைப் போட்டு, ஒரு சிறிய மின்குமிழை எரியவிடுங்கள். சினைப்பசு வழுக்கும் தரையில் நின்றால் வைக்கோலைப் பரப்புங்கள். கோழிகள் மிரண்டால் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சடைத்துச் சாகும். கூட்டின் மூலைகளை அட்டை வளைத்து அடைத்துவிடலாம்.

நாயை வெளியே சங்கிலியில் கட்டிவைப்பதுதான் மிக மோசம். கழுத்து இறுகும், அறுத்துக்கொண்டால் ரோட்டுக்கு ஓடும். இருட்டுமுன் வெளியே கூட்டிப்போய் வந்து, உள்காம்பராவில் கட்டிலுக்கு அடியில் பழைய கம்பளியைப் போட்டு, ரேடியோவை வைத்துவிடுங்கள். மடியில் வந்து ஒட்டினால் அணைத்துக்கொள்ளலாம். அதனால் பயம் கூடும் என்பது தவறு. ஒவ்வொரு வருடமும் நடுங்கும் நாய்க்கு மிருக வைத்தியரிடம் ஒரு வாரம் முன்பே கேளுங்கள். அசிப்புரோமசின் என்ற அடக்கும் மருந்தை மட்டும் கொடுத்தால் உடம்பு அசையாது, பயம் உள்ளே அப்படியே இருக்கும். அதனால் வேறு மருந்து உண்டா என்று கேட்பது நல்லது.

சுட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, தேயிலைத் தூள், மஞ்சள் எதுவும் பூச வேண்டாம். கண்ணில் பட்டால் கசக்காமல், ஒரு கடதாசிக் கோப்பையைக் கவிழ்த்து மூடி, 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

மறுநாள் பிள்ளைகள் எழும்புமுன் வாசலைக் கூட்டுங்கள். வெடிக்காதவற்றைத் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டு, வடிகானிலும் தேயிலை அடியிலும் கிடக்கும் கம்பிகளைப் பொறுக்குங்கள். அந்த நிரையில் வெறுங்காலோடு நடப்பவர்கள் இருக்கிறார்கள், புல்லோடு சேர்த்து மாடும் விழுங்கும்.