கட்-ஆஃப் போட்டால் அணைந்துபோகும் ஜி.பி.எஸ். பெட்டி

சங்ககிரியில் என் சேக்காளி புது வண்டி எடுக்கிறான். "மாப்ள, உன் வண்டியில இருக்கிற ஜி.பி.எஸ். பெட்டி எப்படி, தேறுமா?" என்று போன வாரம் கேட்டான். அவன் போன் வந்த நேரம், பெங்களூரு பீன்யாவில் ஒரு எலக்ட்ரீஷியன் அதே பெட்டியை மூன்றாவது முறையாகக் கழற்றிக்கொண்டிருந்தார். அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

என்னுடையது பத்துச் சக்கர லாரி, கே.ஏ. (கர்நாடகா) பதிவு. அரியலூரில் சிமென்ட் ஏற்றி, ஓசூர் தாண்டி, பெங்களூரைச் சுற்றிப் போகும் நைஸ் ரோடு பிடித்து நெலமங்கலத்தில் இறக்கும். எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) போனபோது ஏ.ஐ.எஸ். 140 என்ற தரத்தில் உள்ள ஜி.பி.எஸ். பெட்டி வேண்டும் என்றார்கள், மாட்டினோம். நாவிக் (இடம் காட்டும் நம் நாட்டு செயற்கைக்கோள்கள்), சிம், வருட ரீசார்ஜ் எல்லாம் அதில் உண்டு.

என் தூக்கத்தைக் கெடுத்தது கட்-ஆஃப் சுவிட்ச், அதாவது பேட்டரியிலிருந்து வண்டிக்குப் போகும் கரண்டை மொத்தமாக நிறுத்தும் சுவிட்ச். பெட்டியின் ஒயரையும் அதற்குப் பின்னால்தான் கொடுத்திருந்தார்கள். ராத்திரி வண்டியை ஓரம் கட்டியதும் டிரைவர் முதல் வேலையாக பேட்டரி கட்-ஆஃப்பைத் திருப்பிவிடுவார். அதில் தப்பே இல்லை. ஷார்ட் ஆகி எரிந்த வண்டியைக் கண்ணால் பார்த்தவர் அவர். திருப்பிய நொடியே மெயின் பவர் போய்விட்டது என்று எனக்கு மெசேஜ் வரும். பெட்டிக்குள் இருக்கும் சின்ன பேட்டரி நாலு மணி நேரமாவது தாங்க வேண்டும் என்பது அந்தத் தரத்தின் விதி. புதிதில் தாங்கியது. தினமும் காலியாகி ஒரே வருடத்தில் உப்பிவிட்டது. அதன்பின் வண்டி நின்ற ராத்திரிகளுக்கெல்லாம் பதிவே இல்லை. விற்ற கடையில் கேட்டால், "உங்க டிரைவர் வேணும்னே கழட்டுறார்" என்றார்கள். நேர்மையான மனுஷனைப் பார்த்துச் சொன்ன அந்த வார்த்தை எனக்கு இன்னும் ஆறவில்லை.

இருந்தாலும் இதையும் சொல்ல வேண்டும். ஒரு குடோனில் இரண்டு நாள் லோடு இறக்காமல் நிறுத்திவைத்தார்கள். ஹால்டிங் (காத்திருந்த நாளுக்கான பணம்) கேட்டபோது, வண்டியே மறுநாள் மதியம்தான் வந்தது என்று சரக்கு வாங்கிய பார்ட்டி சாதித்தார். பெட்டியின் பதிவில், முதல் நாள் காலை 6.10க்கு வண்டி அவர் கேட்டில் நிற்கிறது. மறுபேச்சில்லாமல் பணம் வந்தது. இருபது வருடத்தில் ஹால்டிங் முழுசாகக் கைக்கு வந்தது அன்றைக்குத்தான்.

இவ்வளவு தெரிந்த பெட்டிக்கு எடை தெரியாது என்பதுதான் வருத்தம். 2018ல் பத்துச் சக்கர வண்டிக்கு மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. நான் அதைத் தாண்டுவதில்லை. தாண்டிப் பிடிபட்டால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன்னுக்கு 2,000 வேறு. ஆனால் 2021 டிசம்பரில் பீன்யா மேம்பாலத்தின் கேபிள்கள் பழுதானபோது, அளவாக ஏற்றுகிறவன், அள்ளி ஏற்றுகிறவன் எல்லாருக்கும் ஒரே தடை. 2024 ஜூலை வரை, யஷ்வந்த்பூரில் ரிட்டர்ன் லோடு எடுக்க கீழ்ச்சாலையில் ஊர்ந்தோம். பாலம் முக்கியம், நிறுத்தியது சரி. ஆனால் திறந்தபோதாவது எடை தெரிந்த வண்டியைத் தனியாகப் பார்த்திருக்கலாம். ஆஸ்திரேலியாவில் கனரக வண்டிகள் கூடுதல் எடையோடு குறிப்பிட்ட சாலைகளில் ஓட அனுமதி தருகிறார்கள். பதிலுக்கு டெலிமேட்டிக்ஸ் கண்காணிப்புக்கு, அதாவது வண்டி போகும் இடத்தைக் கருவி வழியாகத் தூரத்திலிருந்து பார்ப்பதற்கு, ஒத்துக்கொள்ள வேண்டும். அனுமதி இல்லாத சாலையில் ஏறினால் அதிகாரிக்குத் தகவல் போய்விடும். வண்டியிலேயே எடை பார்க்கும் கருவியும் அங்கே உண்டு. அப்படி ஒரு ஏற்பாடு இங்கே வந்தால் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன். ஆனால் பெட்டி அணைந்த ராத்திரிகளை வைத்து டிரைவரைத் திருடன் என்று எழுதிவிடக் கூடாது.

மூன்று தரம் கழற்றி மாட்டிய கோபத்தில் சொல்கிறேன், இந்தப் பெட்டி எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வண்டிக்கும் இதையேதான் மாட்டப்போகிறேன்.

மாப்ள, நீயும் போடு. மாட்டும்போது பக்கத்திலேயே நில். ஒயரை கட்-ஆஃப்புக்கு முன்னால், நேராக பேட்டரியிலிருந்து, தனி ஃபியூஸ் வைத்து எடுக்கச் சொல். பீன்யாக்காரர் அப்படிச் செய்து ஆறு நாளாகிறது. ராத்திரி மெசேஜ் ஒன்றுகூட வரவில்லை.