எக்ஸாம்ப் 8.2.12: நிறுவுவது எளிது, நிறுவியபடியே விட்டுவிடாதீர்கள்

பிஎச்பியிலோ வேர்ட்பிரஸிலோ தளம் கட்டுபவர்கள் அதைச் சொந்தக் கணினியில் ஓட்டிப் பார்க்க முதலில் தேடிப் போவது எக்ஸாம்ப்பைத்தான். அப்பாச்சி ஃபிரெண்ட்ஸ் 2002 முதல் வெளியிட்டுவரும் இலவசத் தொகுப்பு இது. அப்பாச்சி என்ற வெப் சர்வர், மரியாடிபி என்ற தரவுத்தளம், பிஎச்பி, பேர்ல் நிரல்மொழிகள் எல்லாம் ஒரே நிறுவியில் வந்து இறங்கிவிடும். எக்ஸாம்ப்பின் கன்ட்ரோல் பேனலில் மைஎஸ்கியூஎல் என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் 2015 முதல் உள்ளே இருப்பது மரியாடிபி. இங்கே பார்ப்பது விண்டோஸில் ஓடும் 8.2.12 பதிப்பை.

நிறுவும்போது புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கே எழுதுவதற்கு விண்டோஸ் அனுமதி கேட்கும். கான்ஃபிக் கோப்பைத் திருத்திச் சேமிக்கவே சிரமப்படுவீர்கள். சி டிரைவின் மேல்மட்டத்தில் தானாக வரும் இடமே சரி. மெர்க்குரி, டாம்கேட், ஃபைல்சில்லா என்ற மூன்று கூடுதல் சர்வர்களுக்கும் டிக்கை எடுத்துவிடலாம். அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பிஎச்பி, தரவுத்தளத்தைப் பிரவுசரில் நிர்வகிக்கும் பிஎச்பிமைஅட்மின் இருந்தால் பெரும்பாலான வேலைக்குப் போதும்.

ஸ்டார்ட் அழுத்தியதும் அப்பாச்சி நின்றுபோனால் 80 அல்லது 443 போர்ட்டை (வெப் சர்வர் கோரிக்கைகளைப் பெறும் வாசல் எண்கள்) வேறொரு புரோகிராம் பிடித்து வைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கன்ட்ரோல் பேனலில் உள்ள நெட்ஸ்டாட் பொத்தான் அதைக் காட்டிவிடும். அங்கே பிஐடி (புரோகிராமின் அடையாள எண்) 4, சிஸ்டம் என்று வந்தால் பெரும்பாலும் விண்டோஸின் சொந்த வெப் சர்வரான ஐஐஎஸ்தான் காரணம். சர்வீசஸ் பட்டியலில் வேர்ல்ட் வைட் வெப் பப்ளிஷிங் சர்வீஸை நிறுத்தினால் போர்ட் விடுபடும். நிறுத்த முடியாத நிலை என்றால் அப்பாச்சி வரிசையின் கான்ஃபிக் பொத்தானில் முதல் கோப்பைத் திறந்து, லிசன் 80 என்பதை 8080 ஆக்குங்கள். சர்வர்நேம் வரியில் உள்ள 80-ஐயும் மாற்ற வேண்டும். 443-க்கான வரி அதே பட்டியலின் இரண்டாவது கோப்பில், அதாவது எஸ்எஸ்எல் கோப்பில் இருக்கிறது. இரண்டு போர்ட்டுமே பிடிபட்டிருக்கும்போது ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை மறந்தால் அப்பாச்சி மறுபடியும் கிளம்பாது.

பாதுகாப்பில்தான் எக்ஸாம்ப்பின் இயல்பு அமைப்பு தளர்வானது. தரவுத்தளத்தில் முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனருக்குக் கடவுச்சொல்லே கிடையாது. லிசன் 80 என்று மட்டும் இருந்தால் அப்பாச்சி எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும் காது கொடுத்திருக்கும். ஃபயர்வாலில் அனுமதி கொடுத்துவிட்டால் அதே வைஃபையில் இருக்கும் எவரும் உங்கள் அரைகுறைத் தளத்தைத் திறக்கலாம். போன் வழியாகச் சோதிக்கும் தேவை இல்லையென்றால் அந்த வரியை லிசன் 127.0.0.1:80 (உங்கள் கணினிக்கு மட்டும்) என்று எழுதுவது நல்லது. ரூட்டுக்குக் கடவுச்சொல் வைத்ததும் பிஎச்பிமைஅட்மின் அனுமதி மறுக்கப்பட்டது என்று சொல்லும். அதன் கான்ஃபிக் கோப்பில் வெற்றுக் கடவுச்சொல் எழுதியிருப்பதுதான் காரணம். அங்கே ஆத் டைப் என்ற இடத்தில் கான்ஃபிக் என்பதைக் குக்கி என்று மாற்றினால் உள்நுழைவுப் பக்கம் வரும். இவ்வளவும் செய்தாலும் இது சோதனைக்கான தொகுப்புதான். இணையத்தில் நேரடியாகத் திறந்துவிட ஏற்றதல்ல.

பல தளங்களை வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் எச்டிடாக்ஸ் என்ற இயல்பான தள ஃபோல்டருக்குள் அடுக்காமல், ஒவ்வொரு தளத்துக்கும் தனிப் பெயர் கொடுக்கும் விர்ச்சுவல் ஹோஸ்ட் அமைத்துக்கொள்ளுங்கள். முகவரியின் முடிவுக்கு டாட் டெஸ்ட் பயன்படுத்துங்கள். அது சோதனைக்கென்றே ஒதுக்கப்பட்டது. டாட் டெவ் வேண்டாம், பிரவுசர்கள் அதை எச்டிடிபிஎஸ்ஸுக்குத் தள்ளிவிடும். விண்டோஸின் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் அதே பெயருக்கு 127.0.0.1 எழுத வேண்டும். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால்தான் அது சேமிக்கும். பலர் தடுமாறும் இடம் இன்னொன்று: முதலில் எழுதிய விர்ச்சுவல் ஹோஸ்ட்தான் பெயர் பொருந்தாத எல்லாக் கோரிக்கைக்கும் பதில் சொல்லும். லோக்கல்ஹோஸ்ட்டுக்கும் தனியாக ஒன்றை முதலில் எழுதாவிட்டால் லோக்கல்ஹோஸ்ட் என்ற முகவரியும் உங்கள் தளத்துக்குள் போய் விழும்.

எக்ஸாம்ப்பின் மிகப் பெரிய பலவீனம் தரவுத்தளம். ஸ்டாப் அழுத்தாமல் கணினியை அணைத்தால், அடுத்த முறை எதிர்பாராமல் நின்றுவிட்டது என்ற சிவப்பு வரி வரக்கூடும். பதற்றத்தில் எக்ஸாம்ப்பின் மைஎஸ்கியூஎல் ஃபோல்டருக்குள் உள்ள டேட்டா ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள், உங்கள் தரவெல்லாம் அதில்தான் இருக்கிறது. முதலில் லாக்ஸ் பொத்தானில் பிழையைப் படியுங்கள். தரவுத்தளத்தின் போர்ட்டான 3306-இல் மோதல் என்றால் அடுத்து வரும் வைத்தியம் தேவையே இல்லை. கோப்பு சிதைவுதான் என்றால் டேட்டா ஃபோல்டருக்கு வேறு பெயர் வைத்து, பக்கத்திலுள்ள பேக்கப் ஃபோல்டரை நகலெடுத்து அதற்கு டேட்டா என்று பெயரிடுங்கள். பிறகு பழையதிலிருந்து உங்கள் தரவுத்தள ஃபோல்டர்களையும் ஐபிடேட்டா1 கோப்பையும் மட்டும் புதியதற்குள் போடுங்கள். மைஎஸ்கியூஎல், பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா, பிஎச்பிமைஅட்மின் ஃபோல்டர்களைக் கொண்டுவர வேண்டாம். ஐபிடேட்டா1-ஐ விட்டுவிட்டால் அட்டவணைகளின் பெயர் தெரியும், திறந்தால் அட்டவணை இல்லை என்று சொல்லும். ஆனால் ஐபிடேட்டா1 கோப்பே சிதைந்திருந்தால் இந்த வழியும் கை கொடுக்காது. அதனால் வாரம் ஒருமுறையாவது எஸ்கியூஎல் ஏற்றுமதி எடுத்து வையுங்கள்.

இதில் வரும் மரியாடிபி 10.4 வரிசைக்கு 2024 ஜூனோடு ஆதரவு முடிந்துவிட்டது. மைஎஸ்கியூஎல் 8 ஓடும் சர்வரிலிருந்து எடுத்த ஏற்றுமதியை இதில் ஏற்றினால், 0900 என்ற எண் வரும் கொலேஷனை (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) தெரியாது என்று நின்றுவிடும். எஸ்கியூஎல் கோப்பில் அந்தப் பெயரை யூடிஎஃப்8எம்பி4 யூனிகோட் சிஐ (utf8mb4_unicode_ci) என்று மொத்தமாக மாற்றினால் அந்தத் தடை நீங்கும்.

விண்டோஸ் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது. லினக்ஸ் சர்வர் பார்க்கும். இங்கே தெரிந்த படம் அங்கே 404 ஆகிவிடும். எக்ஸாம்ப் இதை முன்கூட்டிக் காட்டித் தராது. பெயர்களை எல்லாம் சின்ன எழுத்தில் வைத்துக்கொள்வது எளிய வழி. இறுதி சர்வரின் அதே பதிப்புகளோடு சோதித்தாக வேண்டிய வேலை என்றால், வேண்டிய பதிப்புகளைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கருக்கு மாறுங்கள். தரவுத்தளமே இல்லாத சிறு பிஎச்பி பக்கத்துக்கு எக்ஸாம்ப்கூட வேண்டாம், பிஎச்பி 5.4 முதல் கூடவே வரும் உள்ளமைந்த சர்வர் போதும்.