பொம்மையை நின்று ஆட்டுவதா, உட்கார்ந்து ஆட்டுவதா?

கையுறைப் பொம்மைக்காரர்களுக்குத் திரை கட்ட இரண்டு வழி. ஆள் உயரத்துக்கு மேல் கட்டி, பின்னால் நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டுவது ஒன்று. ஸ்டூலில் உட்கார்ந்து நெற்றி உயரத் திரைக்குப் பின்னால் ஆட்டுவது இன்னொன்று. நான் ஆறு வருடம் நின்றேன். புதுச்சேரியில் ஒரு பள்ளி நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்ற வலது கை மேலே போகாமல் நின்ற இரவில் ஸ்டூல் தேட ஆரம்பித்தேன்.

நின்றால் என்ன லாபம் என்று தெரிந்ததே: கடைசி வரிசைக்கும் பொம்மை தெரியும், திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடலாம்.

எனக்கு முடிவைச் சொன்னது முழங்கை. அது தோளைத் தாண்டி மேலே போய் அங்கேயே நின்றால், தோள்மூட்டின் மேல் எலும்புக்கும் கை எலும்புக்கும் நடுவே ஓடும் தசைநாண் நசுங்கும். இறுகியே இருக்கும் தசைக்கு ரத்தமும் சரியாகப் போகாது, சீக்கிரம் மரத்துவிடும். பொம்மை கால் கிலோதானே என்பார்கள். பொம்மையே இல்லாமல் வெறும் கையைப் பத்து நிமிடம் தூக்கி வைத்துப் பாருங்கள். போதாததற்கு, பொம்மையைப் பார்க்கக் கழுத்தை அண்ணாந்தே வைத்திருக்க வேண்டும். உட்கார்ந்தால் முழங்கை நெஞ்சுக்கு முன்னால் தங்கும், கண் நேரே பார்க்கும்.

ஆனால் உட்கார்ந்துகொண்டு திரையை உயரக் கட்டினால் பழைய கதைதான். நான் முதலில் ஸ்டூலில் உட்கார்ந்து, கையை முகத்துக்கு நேரே மடக்கிப் பிடிப்பேன். மணிக்கட்டு எங்கே வருகிறதோ அங்கேதான் துணியின் விளிம்பு. பார்வையாளர் அதிகம் என்றால் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு, ஸ்டூல், திரை எல்லாவற்றையும் அதன்மேல் ஏற்றிவிடுவேன்.

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் இன்னொன்றும் புரிந்தது. உயரமான திரை காற்றுக்குப் படகின் பாய் மாதிரி. ஒரு காலால் சட்டத்தை மிதித்துக்கொண்டே ஆட்டினால் இடுப்பும் போகும். குட்டைத் திரை அசையவில்லை. ஸ்டூல்தான் மணலில் புதைந்தது. அடியில் ஒரு பலகை போட்டேன்.

உட்காருவதிலும் குறை உண்டு. முக்கால் மணி நேரம் தாண்டினால் முதுகு கூன்போடும், கால் மரத்துப்போகும். காட்சி மாறும்போதெல்லாம் எழுந்து கையை உதறுகிறேன்.

மரபான பொம்மலாட்டத்தில் மரப்பொம்மையின் கயிறுகளைக் கட்டிய இரும்பு வளையத்தை ஆட்டுபவர்கள் தலையில் மாட்டிக்கொள்வார்கள். அந்த மரப்பொம்மைகளில் பெரியவை 4.5 அடி உயரம், 10 கிலோ எடை வரை வரும். பாரம் தோளுக்குப் போகாமல் தலையிலும் கழுத்திலும் இறங்குகிறது. அந்த வளையத்தை நான் மாட்டிப் பார்த்தது இரண்டே முறை, அதுவும் சில நிமிடங்கள். அதனால் அதை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை.

இப்போதும் அனுமார் கடல் தாண்டும் காட்சிக்கு மட்டும் எழுந்து நிற்கிறேன், மூன்று நிமிடம். உட்கார்ந்தே செய்து பார்த்தபோது அனுமார் முழங்கால் தண்ணீரில் நடந்து போவது போல இருந்தது.