பிராங்பர்ட் என்று போட்டிருந்தாலும் அது பிராங்பர்ட் அல்ல

லண்டனிலிருந்து பிராங்பர்ட்டுக்கு முகவர் வழியாக விமானச் சீட்டு எடுக்கவிருப்போர் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

தூரம் சுமார் 640 கி.மீ., பயண நேரம் ஏறத்தாழ ஒன்றரை மணி என்று சொல்லித்தான் ஒரு முகவர் நிறுவனம் எங்களுக்குச் சீட்டு விற்றது. இரு நகரங்களுக்கும் இடையிலான வான்வழித் தூரம் உண்மையிலேயே அவ்வளவுதான் என்பதால் யாருக்கும் சந்தேகம் எழாது. ஆனால் விமானம் இறங்கிய இடம் ‘பிராங்பர்ட் ஹான்’. முன்பு அமெரிக்க விமானப்படைத் தளமாக இருந்த அந்த நிலையம், நகரத்துக்கு மேற்கே சுமார் 120 கி.மீ. தள்ளி, ஹுன்ஸ்ரூக் மலைப்பகுதியில், வேறொரு மாநிலத்திலேயே இருக்கிறது. அங்கே பயணிகள் ரயில் கிடையாது. ‘ஹான்’ என்ற பெயரை அவர்கள் விலைப்பட்டியலிலும் சொல்லவில்லை, தொலைபேசியிலும் சொல்லவில்லை. பணம் கட்டிய பிறகு வந்த மின்னஞ்சலின் அடியில், ‘எச்.எச்.என்.’ என்ற மூன்றெழுத்துக் குறியீடாக மட்டும் அது இருந்தது.

பெரிய விமான நிலையத்தில் இறங்கியிருந்தால் நகர ரயிலில் கால் மணி நேரத்துக்குள் மத்திய ரயில் நிலையத்தை அடைந்து, நூரம்பர்க் செல்லும் வண்டியைப் பிடித்திருப்போம். மாறாக, கடவுச்சீட்டு வரிசையில் நின்று வெளியே வந்தபோது ஒரு பேருந்து புறப்பட்டுப் போய்விட்டிருந்தது. அடுத்தது வரும்வரை, முழங்கால் வலியுள்ள என் தாயார் குளிரில் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். பேருந்துப் பயணமே ஒன்றே முக்கால் மணி நேரம். ரயிலும் போயிற்று, அந்தச் சீட்டின் பணமும் போயிற்று. மறுநாள் முகவரைக் கேட்டபோது, “பெயரில் பிராங்பர்ட் இருக்கிறதே” என்று பதில் சொன்னார்கள். வயதானவர்களுடன் போகிறோம் என்று முன்பே சொல்லியிருந்தும் இப்படிச் செய்ததை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகவே, நகரின் பெயரை நம்பாமல் குறியீட்டைக் கேளுங்கள். பிராங்பர்ட்டின் முதன்மை விமான நிலையத்துக்கு ‘எஃப்.ஆர்.ஏ.’ என்று இருக்க வேண்டும். ஸ்டாக்ஹோமுக்கு ஸ்காவ்ஸ்டா, பாரிஸுக்கு போவே, பார்சிலோனாவுக்கு ஜிரோனா என்று இதே போலத் தொலைவில் உள்ள நிலையங்கள் வேறு நகரங்களுக்கும் உண்டு. ஜெர்மனி நேரம் லண்டனைவிட ஒரு மணி முந்தியது என்பதால், மாலை ஐந்துக்குப் புறப்படும் விமானம் அங்கே இறங்கும்போது ஏழரை ஆகிவிடும். கடைசிப் பேருந்து எப்போது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே நகருக்குரிய வேறொரு நிலையத்துக்கு விமான நிறுவனமே உங்களை மாற்றி அனுப்பினால், அங்கிருந்து கொண்டு சேர்க்கும் செலவை அது ஏற்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சீட்டிலேயே ஹான் என்று இருந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

முகவருக்கு எழுத்துமூலம் புகார் அனுப்பியிருக்கிறோம். வாங்கும்போது திரையில் தெரிந்த விவரத்தைப் படம் எடுத்து வைத்திருந்ததால் அதையும் இணைத்துள்ளோம். நீங்களும் பணம் கட்டும் முன் அப்படி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.